சீர்த்தட்டில் வைத்த லென்ஸ்

ஆவணி 4, புதன்

நான் நாச்சிமுத்து. ஊர் காங்கேயம். மாட்டுத் தரகு பார்த்தவன். இதை நானே எழுதுகிறேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் காலைச் சோறு ஆறிவிட்டது.

ஆவணி 5, வியாழன்

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது! இரவெல்லாம் யாரும் தொடவில்லை, ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை. பேச்சுக்கு இந்தக் குணம் கிடையாது. சந்தையில் காலையில் சொன்ன விலையை மதியம் இல்லை என்பார்கள்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி பாவாத்தாள். எட்டாவது படித்தவள். நாற்பது வருடம் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டித் தொண்டை போயிற்று என்று சொல்லி, போன தைப்பூசத்துக்குப் பிறகு என்னை உட்கார வைத்தாள். தினமும் எழுதவேண்டும், அவள் படித்துத் திருத்துவாள். பேப்பரில் வருகிற மாதிரிதான் எழுதவேண்டுமாம். ஆட்கள் பேசுவதை மட்டும் பேசுகிற மாதிரியே எழுதலாமாம்.

பாவாத்தாள் நல்லவள். (இதையும் அவள் படிப்பாள்.)

ஆவணி 8, ஞாயிறு

மகள் கலாமணி வந்திருந்தாள். இதே ஊரில் நான்கு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் துணிகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுகிற வேலையில் இருந்தவள். ஆடியோடு அதை விட்டுவிட்டாள். சொந்தமாக ஸ்டுடியோ வைக்கப்போகிறாள். ஒரு சின்னக் கேமரா வாங்கியிருக்கிறாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் இவ்வளவு சின்னதாம்.

ஸ்டுடியோவுக்கு இடம் என் சம்பந்தி அர்த்தநாரியின் கையில் இருக்கிறது. அவர் வீட்டு முன்னறை, ரோட்டைப் பார்த்தது. ஜெராக்ஸ் கடைக்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அர்த்தநாரி மருமகளிடம் சொல்லியிருப்பது இது: ஐப்பசியில் அவருடைய தங்கை மகன் கல்யாணம். அதைக் கலாமணி படம் எடுக்கவேண்டும். நன்றாக வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் ஜெராக்ஸ் கடைக்கு. அவள் மறுபடியும் பனியனுக்கு.

"மாமா சொன்னதுல தப்பில்லீங்ப்பா," என்றாள். "ஆனா இப்ப இருக்கற லென்ஸு மண்டபத்துக்குள்ள இருட்டாப் புடிக்குது. நல்லதா ஒண்ணு வேணும்."

"பொறந்த வீட்டுச் சீரா நான் வாங்கித் தாரேன் சாமி," என்றேன். ஆயுத பூசையன்று கேமராவுக்கு முதல் பூசை. அன்றைக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

'லென்ஸ்' என்று எழுதக் கடைசி எழுத்தை இன்று புதிதாகப் பழகினேன். பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கிறது.

ஆவணி 15, ஞாயிறு

கோயமுத்தூருக்குப் போய்க் கேமராக் கடை பார்த்துவந்தோம், நானும் கலாமணியும். கடையில் ரிஸ்வான் என்று ஒரு தம்பி. நல்ல பொறுமைசாலி.

நான் கேட்டேன்: "கேமராவச் செஞ்சவனே லென்ஸையும் செஞ்சு தரமாட்டானா?"

"தருவாங்கய்யா. இது சோனி கேமரா. சோனியும் லென்ஸ் செய்யறாங்க. சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ், இவங்களும் இதுக்குன்னே செய்யறாங்க. சிக்மாவும் டாம்ரானும் ஜப்பான். வில்ட்ராக்ஸ் சீனா. எது வாங்குனாலும் மாட்டற வாய் பொருந்தணும். அதப் பாத்துட்டா எந்த வூட்டுதும் சேரும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெண் ஒரு வீடு, மாப்பிள்ளை ஒரு வீடு, பொருத்தம் பார்த்துச் சேர்ப்பது. நாங்களும் அதைத்தானே செய்கிறோம்!

கலாமணிக்குப் பிடித்தது சிக்மாவில் முப்பது என்று ஒன்று. அதில் 1.4 என்று எழுதியிருந்தது. அந்த எண் குறையக் குறைய லென்ஸின் கண் பெரிதாகத் திறக்குமாம், வெளிச்சம் நிறைய உள்ளே போகுமாம். குத்துவிளக்கு வெளிச்சமே போதுமாம். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கொய்யாப்பழம் அளவு.

பக்கத்து அலமாரியில் இன்னொன்று நின்றது. எழுபதிலிருந்து முந்நூற்று ஐம்பது வரை. சோனியே செய்தது. அதுதான் லென்ஸ்! தோள் கட்டும் நிமிர்வுமாகக் காளை மாதிரி நின்றது.

"அது எட்டத்துல இருக்கற குருவி, வெளையாட்டு எடுக்கறதுக்குங்கப்பா," என்றாள் கலாமணி.

எதற்கு எடுத்தால் என்ன, நிற்கிற நிலை ஒன்று இருக்கிறதல்லவா?

விலை கேட்கும் கட்டம் வந்ததும் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து ரிஸ்வானின் கைமேல் போட்டுவிட்டேன். உள்ளே அவன் விரலைப் பிடித்து என் விலையைச் சொன்னேன். சந்தையில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. பாவம், தம்பி கையைப் பிடுங்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தான். "ஐயா, இங்க எழுதியிருக்கறதுதானுங்க வெல," என்றான்.

இருந்தாலும் லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றைச் சும்மா வாங்கிவிட்டேன். துண்டு போட்டது வீண் போகவில்லை.

ஆவணி 22, ஞாயிறு

சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அர்த்தநாரி கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். பேசும்போது கையெழுத்துப் போடுகிற மாதிரியே விரலை ஆட்டுவார்.

"சோனி கேமராவுக்குச் சோனி லென்ஸுதான் போடோணும்," என்றார். "வண்டி ஒரு கம்பெனி, சக்கரம் ஒரு கம்பெனின்னு இருந்தா ஊடு போய்ச் சேருமுங்களா?"

"ஏனுங் மாமா, உங்க மொபெட்டுல டயரு ஆரு கம்பெனி?" என்றாள் கலாமணி.

அர்த்தநாரி எழுந்து வாசலுக்குப் போனார். மொபெட்டின் அருகே குனிந்து டயரைப் படித்தார். திரும்பி வந்து, "காப்பி ஆறுது, குடிங்க சம்பந்தி," என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

பாவாத்தாள் இன்று சமையலறையில் சீர் வரிசையை ஒத்திகை பார்த்தாள். பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ, சேலை, சர்க்கரைப் பொட்டலம். நடுவில் லென்ஸுக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழம் வைத்தாள்.

நான்கு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். கொய்யாப்பழம் தெரியவே இல்லை. தேங்காய் மறைத்துவிட்டது.

"சபையில பத்துப்பேரு பாப்பாங்க," என்றேன். "என்னத்தக் குடுத்தான் நாச்சிமுத்துன்னு கேட்டா, தேங்காயத் தள்ளீட்டுத் தேடிக் காட்டறதா?"

பாவாத்தாள் கொய்யாப்பழத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள். அது எடுப்பாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

புரட்டாசி 8, புதன்

கோயமுத்தூர். தனியாகப் போனேன். வாங்கியாயிற்று. எதை என்பதைத் தட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூசை

இந்த நாளை நான் மறக்கமாட்டேன். மறந்தாலும் இதைப் படித்துக்கொள்வேன்.

சம்பந்தி வீட்டில் உறவினர் எல்லாம் கூடியிருந்தார்கள். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. லென்ஸ் நடுவில் நின்றது. தேங்காய் அதன் காலடியில் கிடந்தது. அர்த்தநாரியின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்கண்ணா, இது பீரங்கியாட்டம் இருக்குது!" என்றாள்.

"எங்க சம்பந்தி எதுலயும் கொறை வெக்கமாட்டாரு," என்று அர்த்தநாரி சபையில் சொன்னார். இருபது வருடத்தில் முதல் தடவை.

பூசையில் கத்தி, மொபெட், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். லென்ஸின் நெற்றிக்குக் கையை நீட்டினேன். கலாமணி பாய்ந்து கண்ணாடியை உள்ளங்கையால் மூடினாள். பொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. கண்ணாடிமேல் வைக்கக்கூடாதாம். பக்கவாட்டில் வைத்தேன்.

கலாமணிக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. "எதுக்குங்ப்பா இத்தாம் பெருசு?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். சீர் வாங்கும்போது பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

புரட்டாசி 19, ஞாயிறு

லென்ஸைச் சோதித்துப் பார்த்தார்கள். என்ன சக்தி! எங்கள் மாப்பிள்ளையைச் சோபாவில் உட்கார வைத்துக் கலாமணி படம் எடுத்தாள். ஹாலில் நின்று பார்த்தாள், அடங்கவில்லை. வாசலுக்குப் போனாள். பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டுப் படியில் ஏறி நின்றாள். அங்கிருந்து எடுத்ததில் மாப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை முழுதாக விழுந்தார். மூக்கில் இருக்கிற தழும்புகூடத் தெரிந்தது. இடையில் ஒரு பால்வண்டி வந்து நின்றதால் கொஞ்சம் தாமதம்.

வீட்டுக்குள் எடுத்தவை இருட்டாக இருந்தன. அது கரண்டின் குறையாக இருக்கலாம்.

சிவன்மலை அடிவாரத்து மண்டபத்தில் கல்யாணம். எட்டத்தில் நின்று எடுக்க வசதியாக எதிரே சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது என்று கலாமணியிடம் சொன்னேன். சரிங்கப்பா என்றாள்.

புரட்டாசி 20, திங்கள்

நேற்று எழுதியதைப் பாவாத்தாள் படித்தாள். வழக்கமாகச் சிவப்பு மையில் சுழிப்பாள். இந்தத் தடவை ஒரு சுழியும் இல்லை.

"பொழ ஒண்ணுமில்லையா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"எழுத்துல ஒண்ணுமில்லீங்க. சங்கதிலதான் முழுக்கப் பொழ," என்றாள். பிறகு, "எம்மேலயும் தப்பு இருக்குது, சொம்ப எடுத்து வெச்சது நாந்தான்," என்றாள்.

புரட்டாசி 21, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

புரட்டாசி 22, புதன்

கலாமணியைப் பார்க்கப் போனேன். பழைய லென்ஸையே கேமராவில் மாட்டி, ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்து, இருட்டில் எடுத்து எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று பெரியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மனம் நோகக்கூடாதென்று.

"கண்ணு, அத இப்படிக் குடு," என்றேன்.

"வேண்டாங்ப்பா. குடுத்த சீரத் திருப்பிக் கடைல போட்டாங்கன்னு தெரிஞ்சா மாமா என்ன நெனைப்பாரு? ஊரே பேசும்."

"அந்த அறை ஜெராக்ஸுக்குப் போச்சுன்னா?"

அவள் மடியிலிருந்து அதை எடுத்தாள். நான் மஞ்சள் பையை விரித்துப் பிடித்தேன்.

புரட்டாசி 24, வெள்ளி

நான் முடித்த பேரத்தில் ஒரு மாடுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்று நானே கயிற்றைப் பிடித்துத் திரும்பிப் போனேன். கடைவாசலில் இரண்டு தடவை நடந்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

ரிஸ்வான் சிரிக்கவில்லை. லென்ஸை விளக்கில் திருப்பிப் பார்த்தான். பக்கவாட்டில் இருந்த குங்குமத்தைத் துடைத்தான். முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். "எடுத்துக்கறோங்கய்யா. அந்த முப்பதத் தாரேன். மிச்சத்துக்கு அதே சிக்மாவுல அம்பத்தாறு ஒண்ணு வரும். மொகம் எடுக்கறதுக்கு அது ரொம்ப நல்லாருக்கும்." ஒரு காளையை விட்டு ஒரு ஜோடிக் கன்று பிடித்தேன்.

பிறகு என் சங்கடத்தை அவனிடம் சொன்னேன். பெரிய லென்ஸைக் கல்யாணத்தில் எல்லோரும் கேட்பார்கள். ரிஸ்வான் யோசித்தான். உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தினான்.

அதே லென்ஸ்! அதே கறுப்பு, அதே வரிகள், எண்கள்கூட இருந்தன. மூடியைத் திருகினான். உள்ளே எவர்சில்வர்.

"காப்பி டம்ளருங்கய்யா. லென்ஸாட்டமே செஞ்சது. வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்கறது."

உலகத்தில் என்னென்ன செய்கிறார்கள்! இதை எந்தக் கம்பெனி செய்தது என்று திருப்பிப் பார்த்தேன். பேர் போடவில்லை. போட்டிருந்தால் பாராட்டி எழுதியிருப்பேன்.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். அதிரசம். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. அவர் சிரித்துச் சிரித்து அதிரசம் புரையேறியது. அவருடைய அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது.

ஐப்பசி 7, வெள்ளி. கல்யாணம்

எழுத நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் இன்றே எழுதிவிடவேண்டும்.

விடிகாலை முகூர்த்தம். பாவாத்தாள் டம்ளரில் சுக்குக்காப்பி ஊற்றி மூடியைத் திருகி என்னிடம் தந்தாள். "சும்மா எதுக்கு வெறுசாத் தூக்கீட்டுத் திரியறீங்க? எடையும் இருந்தமாதிரி ஆச்சு," என்றாள். நான் அதைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றேன்.

கலாமணி முப்பதை மாட்டிக்கொண்டு மணவறைக்குள்ளேயே புகுந்துவிட்டாள். அவ்வளவு சின்னக் கேமரா. ஐயரின் முழங்கைக்குக் கீழே நுழைந்து எடுக்கிறாள், அவர் கவனிக்கவே இல்லை.

உறவினர் என்னிடம் வந்தார்கள். "எங்கீங்க அந்தப் பீரங்கி? ஓ, இதா! ஏன் மாட்டலீங்க?"

"எல்லா நேரத்துக்கும் மாட்டற சாமானுங்களா இது?" என்றேன். "தாலி கட்டறப்ப மட்டும்."

தாலி கட்டும்போது எல்லோரும் மணவறையைப் பார்த்தார்கள். என்னை யார் பார்த்தார்கள்? மேளம் முடிந்து அட்சதை விழுந்ததும் மறுபடி வந்தார்கள். "மாட்டுனாங்களா?" "மாட்டிக் கழட்டியாச்சுங்க." எனக்கு நாக்கு உலர்ந்தது. காப்பி கையில் இருந்தும் குடிக்கமுடியாத நிலை.

அப்போது அர்த்தநாரி வந்தார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். சுற்றிலும் அவர் பங்காளிகள்.

"எங்கூட்டுக்கு வந்த சீரு. நானே இன்னும் ஒருக்காத் தொட்டுப் பாக்கலீங்க. குடுங்க சம்பந்தி, இவிகளுக்குக் காட்டறேன்."

"வேண்டாங்க, தூசி படும்," என்றேன்.

"படட்டும், தொடைச்சுக்கலாம்," என்று வாங்கிவிட்டார். நான் மருதமலையானை வேண்டிக்கொண்டேன். சிவன்மலையான் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

மூடியைத் திருகினார். லேசாக ஆவி வந்தது. சுக்கு மணம் என் மூக்குக்கே வந்தது. உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மணவறையில் குந்தி உட்கார்ந்து பெண்ணின் மெட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார். அவள் கேமராவில் மாட்டியிருந்த கொய்யாப்பழத்தையும் பார்த்தார்.

பங்காளி ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னங்கண்ணா பொகையுது?" என்றார்.

அர்த்தநாரி மூடியை இறுக்கித் திருகினார்.

"ஆரும் தொடாதீங்க," என்றார் உரக்க. "இப்பத்தான் தாலி கட்டறத எடுத்துட்டு வந்திருக்குது. சூடு இன்னம் எறங்கலை. பவரு சாஸ்தி!"

எல்லோரும் ஓர் எட்டுப் பின்வாங்கினார்கள். அர்த்தநாரி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று வந்தார். "எங்க சம்பந்தி சீரு. எட்டி நின்னு பாருங்க. கை வெக்கப்படாது." நான் பின்னாலேயே நடந்தேன். சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது.

சுற்று முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கினோம். அங்கே யாரும் இல்லை.

"சம்பந்தி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்லவேண்டாம். குடுத்தது நீங்கதான். ஆனாச் சபைல கைநீட்டி வாங்குனது நானு. உங்க மானம் போனா எம்மானம் மட்டும் தனியா நிக்குமுங்களா?" என்றார். மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். "சக்கரை போட்டிருக்குதா?"

"கருப்பட்டிங்க."

"அது சக்கரையில்லை," என்று சொல்லிவிட்டு இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டார். அவருக்கு நீரிழிவு.

ஐப்பசி 16, ஞாயிறு

படங்கள் வந்துவிட்டன. சம்பந்தி வீட்டு ஹாலில் டிவியில் போட்டுப் பார்த்தோம். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இருந்தார்கள்.

குத்துவிளக்கு வெளிச்சம் பெண்ணின் கன்னத்தில் நிற்கிறது. பின்னால் இருக்கிற கூட்டம் கரைந்து பூச்சரம் மாதிரி ஆகிவிட்டது. தாலி முடிகிற மாப்பிள்ளையின் விரல் நடுங்குவது படத்தில் தெரிகிறது. படத்தில் எப்படி நடுக்கம் தெரியும்? தெரிகிறது. பெண்ணின் அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அத மறுக்காப் போடு கண்ணு," என்றாள்.

பிறகு ஒரு படம் வந்தது. அர்த்தநாரி டம்ளரை நெஞ்சோடு பிடித்து, ஒரு கையை நீட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துகிறார். பின்னால் நான், திருட்டு மாடு ஓட்டுகிறவன் மாதிரி. ஐம்பத்தாறில் எடுத்ததாம். எங்கள் இருவர் முகத்திலும் ஒரு மயிர்க்கால்கூட விடாமல் விழுந்திருக்கிறது. ஹால் முழுக்கச் சிரித்தது. என்ன விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது. பெருமை தாங்கமுடியாமல் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. கலாமணியின் பக்கம் வந்து மெதுவாக, "இத எப்ப எடுத்த?" என்றார்.

"நீங்க மண்டபத்தச் சுத்தி வாரப்பங்க மாமா."

"அப்ப உனக்கும் அல்லாந் தெரியும்?"

"லென்ஸு ரண்டும் எங்கிட்டத்தானுங்களே இருக்குது."

அவர் உள்ளே போனார். சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் போட்டார். "ஜெராக்ஸ்காரனுக்கு நானே சொல்லிக்கறேன். செவுத்துக்கு நல்ல வெள்ளையா அடிச்சுக்க," என்றார். அதோடு முடிந்தது. கையெழுத்துப் போடுகிற விரல் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி 23, ஞாயிறு

கலாமணிக்கு இரண்டு கல்யாணம் பேசிவிட்டார்கள். ஒன்று நாளை மறுநாள் முத்தூரில். மற்றது கார்த்திகையில் சென்னிமலையில். இரண்டு வீட்டாரும் படங்களைப் பார்த்துத்தான் வந்தார்கள். ஆனால் இரண்டு வீட்டாரும் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய லென்ஸும் கட்டாயம் வரவேண்டுமாம். அதைத் தூக்கிக்கொண்டு வருகிற இரண்டு பெரியவர்களும் வரவேண்டுமாம்.

"ஏனுங்ப்பா, வருவீங்களா?" என்று கலாமணி கேட்டாள். அர்த்தநாரி ஏற்கெனவே வேட்டியைச் சலவைக்குப் போட்டுவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து பாவாத்தாள் கூப்பிடுகிறாள்.

"ஏனுங், முத்தூருக்கு லென்ஸுல என்ன ஊத்தட்டும்? சம்பந்திக்கு ஆகோணுமல்ல, மோரே ஊத்தீரட்டுமா?"